ஆர்80 ஆர்டி மோனோலீவர்: ஷாஃப்ட் பூட்டின் அடியில் ஒயில் ஈரம், எங்கேயிருந்து வருது?

ரூர்_ஆர்80 (டோர்ட்முண்ட்)

வணக்கம் உறவுகளே.

வாகனம் பிஎம்டபிள்யூ ஆர்80 ஆர்டி மோட்டார் சைக்கிள், 1986 மோனோலீவர் (பின் சில்லை ஒரு பக்கக் கை மட்டும் தாங்குகிற) மொடல், 78,000 கி.மீ. ஓடியது. கியர்பொக்ஸுக்குப் பின்னால் வலது பக்கம், பின் சில்லைச் சுற்றுகிற ஷாஃப்டை மூடியிருக்கிற றப்பர் பூட்டின் அடிப்பகுதி எப்பவும் ஈரமாக இருக்குது. துடைச்சுவிட்டு 150 கி.மீ. ஓடினால் திரும்பவும் ஒரு படலம், அதில புழுதி ஒட்டுது. இரவு சென்டர் ஸ்டாண்டில் விட்டால் கீழே விரிச்ச மட்டையில் இரண்டு மூன்று சொட்டு விழும். கியர்பொக்ஸின் அடியிலும் ஈரம் இருக்கு. அது தனிக் கசிவோ, இதே ஒயில் பரவினதோ தெரியேல்லை.

மணம் கந்தக மணம், எஞ்சின் ஒயில் மாதிரி இல்லை. கிளட்ச் வழுக்கேல்லை. பின் சில்லில் ஒயில் இல்லை. போன சீசன் முடிவில் ஒரு கராஜில் கியர்பொக்ஸ், சுவிங் ஆர்ம் (பின் சில்லைத் தாங்குகிற கை), ஃபைனல் ட்ரைவ் (பின் சில்லோடு இருக்கிற கியர்ப் பெட்டி) மூன்றிலும் ஒயில் மாற்றினது. எதில் எவ்வளவு ஊற்றினது என்று பில்லில் இல்லை.

கியர்பொக்ஸ் அவுட்புட் சீல், பினியன் சீல் (ஒயில் கசியாமல் தடுக்கிற வளையங்கள்) இரண்டையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லுகினம். எல்லாத்தையும் கழற்ற முதல் எது குற்றவாளி என்று உறுதியாகக் கண்டுபிடிக்க வழி இருக்கோ? அடுத்த மாதம் டியூஃப் (ஜெர்மனியின் கட்டாய வாகனத் தகுதி) பரிசோதனையும் வருது.

ஷாஃப்ட்_கோவை

வணக்கம்ங்க. இப்போதைக்கு சீல் எதுவும் ஆர்டர் போடாதீங்க. ஈரம் தெரியற இடம் வேற, கசியற இடம் வேற. அதுவும் அந்த பூட் இருக்கற இடத்துல நாலு வழியா ஆயில் வந்து சேரலாம்.

முதல்ல அமைப்பைப் பாருங்க. உங்க வண்டியில கியர் ஆயில் மூணு தனித்தனி அறையில இருக்கு. கியர்பாக்ஸ்ல 800 மி.லி., ஸ்விங் ஆர்ம் குழாய்க்குள்ள ஷாஃப்ட் சுத்தற இடத்துல 150 மி.லி., ஃபைனல் ட்ரைவ்ல 350 மி.லி. மூணுமே ஜிஎல்-5 ஹைபாய்ட் ஆயில், அதனால மணத்தை வச்சு எஞ்சின் ஆயில் இல்லைன்னு மட்டும்தான் சொல்ல முடியும், எந்த அறைன்னு சொல்ல முடியாது. கியர்பாக்ஸுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவுல அவுட்புட் சீல், ஸ்விங் ஆர்முக்கும் ஃபைனல் ட்ரைவுக்கும் நடுவுல பினியன் சீல். இந்த ரெண்டுல எது போனாலும் ஆயில் உடனே வெளிய வராது, பக்கத்து அறைக்குத்தான் போகும். அங்க அளவு ஏறி, இடம் பத்தாம, கடைசில பூட்டோட உதடு வழியா வெளிய வரும். பூட் பாவம், அது மேல தப்பே இருக்காது. இதனாலதான் பூட்டை மட்டும் மாத்தினவங்களுக்கு மறுபடி அதே ஈரம் வருது.

பின்னால வந்த பாராலீவர் (ஸ்விங் ஆர்ம்ல ரெண்டாவது மூட்டு உள்ள) வண்டிகள்ல ஷாஃப்ட் குழாய் காய்ஞ்சிருக்கணும், அங்க ஆயில் இருந்தாலே சீல் போச்சுன்னு அர்த்தம். உங்களுது மோனோலீவர், உள்ள ஆயில் இருக்கறதுதான் சரி. இணையத்துல பாராலீவர் பத்தி எழுதினதைப் படிச்சுட்டுக் குழப்பிக்காதீங்க.

இப்ப வேலை. முதல்ல நல்லா கழுவுங்க. ஜெர்மனியில தெருவுல வச்சு டிகிரீசர் அடிச்சுக் கழுவ விட மாட்டாங்க, ஆயில் பிரிப்பான் இருக்கற வாஷ் ஸ்டேஷன்ல போய்ச் செய்யுங்க. ஹை பிரஷர் தண்ணியை பூட் மேலயும் ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸ்ல நுழையற இடத்துலயும் நேரா அடிக்கக் கூடாது. காய்ஞ்சதும் அழுக்கு ஒட்டியிருக்கற மூலைகளை பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் வச்சுத் துடைங்க. பூட் ரப்பர் மேல பிரேக் கிளீனர் வேண்டாம், அதுக்கு சோப்புத் தண்ணி போதும்.

அப்புறம் கியர்பாக்ஸோட பின் முகம், பூட்டோட மேல் பாதி, அடிப்பக்கம் எல்லாத்துக்கும் மெல்லிசா டால்கம் பவுடர் தூவுங்க. கால் பவுடர் ஸ்ப்ரே கிடைச்சா இன்னும் நல்லது, சீரா ஒட்டும். 15, 20 கி.மீ. மட்டும் ஓட்டிட்டு நிறுத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க. ரொம்ப தூரம் போனீங்கன்னா காத்து ஆயிலைப் பின்னால இழுத்துப் பரப்பிடும், மறுபடி எதுவும் புரியாது. பவுடர்ல எங்க முதல்ல கறுப்புக் கோடு விழுதோ அதோட மேல் முனைதான் முக்கியம். ஆயில் கீழயும் பின்னாலயும்தான் போகும், அதனால ஈரத்தோட உச்சியும் முன் ஓரமும் எதுன்னு தேடுங்க.

கோடு பூட்டுக்கு மேலிருந்து வந்தா ஸ்பீடோ கேபிளைப் பிடிச்சிருக்கற போல்ட்டைப் பாருங்க. கியர்பாக்ஸோட அடியில தனியா ஆரம்பிச்சா நியூட்ரல் சுவிட்ச். பூட்டோட உதட்டுலயே ஆரம்பிச்சா அடுத்த கட்டத்துக்குப் போங்க.

அடுத்த கட்டம்தான் இதுல முக்கியம்: மூணு அறையையும் தனித்தனியா வடிச்சு அளக்கணும். ஸ்விங் ஆர்ம்ல எவ்வளவு இருக்குன்னு லெவல் பார்க்க வழி கிடையாது, வடிச்சுத்தான் தெரிஞ்சுக்க முடியும். அரை மணி நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு மூணுக்கும் மூணு பாத்திரம் வைங்க. ஃபில்லர் பிளக்கை முதல்ல கழட்டுங்க, அப்புறம்தான் டிரெய்ன் பிளக். ஃபில்லர் வரலைன்னா வடிச்சதுக்கு அப்புறம் திரும்ப ஊத்த வழி இருக்காது. அரை மணி நேரம் சொட்ட விட்டு, மி.லி. கோடு போட்ட ஜாடியில அளந்து எழுதி வைங்க. உள்ள ஒட்டிக்கிட்டு கொஞ்சம் நிக்கும், கியர்பாக்ஸ்ல 20, 30 மி.லி. குறைஞ்சு வந்தா அதைக் கணக்குல எடுக்க வேண்டாம்.

ஸ்விங் ஆர்ம்ல கூடி, கியர்பாக்ஸ்ல குறைஞ்சிருந்தா அவுட்புட் சீல். ஸ்விங் ஆர்ம்ல கூடி, ஃபைனல் ட்ரைவ்ல குறைஞ்சிருந்தா பினியன் சீல். ஸ்விங் ஆர்ம்ல மட்டும் குறைஞ்சு மத்த ரெண்டும் சரியா இருந்தா பூட் இல்லைன்னா கிளாம்ப். மூணுமே சரியா இருந்து வெளிய ஈரம்னா வென்ட் (கியர்பாக்ஸ் காத்து விடற துளை) அல்லது நியூட்ரல் சுவிட்ச், சீல் பக்கமே போக வேண்டாம்.

டிரெய்ன் பிளக்கோட காந்தத்தையும் பாருங்க. சாம்பல் கலர்ல பேஸ்ட் மாதிரி நைஸா இருந்தா வழக்கமான தேய்மானம். விரலால தேய்ச்சா குத்தற மாதிரி சீவல் வந்தா கசிவை விடப் பெரிய பிரச்சினை, அதை முதல்ல கவனிக்கணும்.

ஸ்காபரோ_பொக்ஸர்

மேலே சொன்னதோடு இரண்டு விசயம்.

ஸ்பீடோ கேபிளைப் பிடிச்சிருக்கிற போல்ட் சாதாரண போல்ட் இல்லை. நடுவில் துளை போட்டது, கியர்பொக்ஸ் மூச்சு விடுகிற வழியே அதுதான். கியர்பொக்ஸில் அளவுக்கு மேல் ஒயில் இருந்தால் சூடானதும் அந்தத் துளையால் தள்ளும். அது வலது பின் மூலையில், பூட்டுக்குக் கிட்ட இருக்கிறபடியால் வழிகிற ஒயில் நேரே பூட்டில் போய் நிற்கும். ஆரோ ஒருத்தர் அந்த இடத்தில் சாதாரண போல்ட்டைப் போட்டிருந்தால் இன்னும் மோசம். காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலும் கசியத் தொடங்கும். கழற்றி ஒரு மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கோ, துளை திறந்திருக்க வேணும்.

அதே இடத்தில் கேபிளை மூடுகிற சின்ன றப்பர் வெடிச்சிருந்தால் மழைத் தண்ணி உள்ளே இறங்கும். வடிக்கேக்க கியர்பொக்ஸ் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் காரணம் அனேகமாக அதுதான். றப்பரை மாற்றுங்கோ. பெயரிங்குக்குத் தண்ணி போல எதிரி இல்லை.

இரண்டாவது, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருகிற இடத்தின் அடிப்பகுதி. அங்கே ஈரம் இருக்கோ இல்லையோ என்று தனியாகப் பாருங்கோ. அங்கே எஞ்சின் ஒயில் என்றால் பின் மெயின் சீல் அல்லது ஒயில் பம்ப் மூடியின் ஓ-ரிங். கந்தக மணம் என்றால் கியர்பொக்ஸ் இன்புட் சீல். இரண்டில் எது என்றாலும் ட்ரை கிளட்ச் (ஒயில் படாமல் ஓட வேண்டிய கிளட்ச்) தட்டில் ஒயில் ஏற முதல் கவனிக்க வேணும். அந்த வேலைக்குக் கிளட்ச் ஹவுசிங்கைக் கழற்ற வேண்டி வந்தால், கிராங்க் முன்னுக்கு நகராமல் முன்பக்கம் ஒரு கட்டை குடுத்துத் தடுத்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேணும். கிராங்க் நகர்ந்தால் உள்ளே இருக்கிற த்ரஸ்ட் வாஷர் ஊசியில் இருந்து விழுந்துவிடும். அது தெரியாமல் திருப்பி இறுக்கினால் எஞ்சின் ஹவுசிங்கே பழுதாகும். உங்கட கேள்விக்கு இது நேரடியாகத் தேவையில்லை, ஆனால் ஆரும் இதைப் படிச்சிட்டு அந்தப் பக்கம் இறங்கினால் தெரிஞ்சிருக்க வேணும்.

இன்னும் ஒன்று: மோனோலீவரில் பின் சொக் அப்சோர்பரும் வலது பக்கம்தான். அது கசிந்தாலும் ஒயில் ஃபைனல் ட்ரைவில்தான் இறங்கும். சொக்கின் தண்டில் ஈரம் இருக்கோ என்று ஒருக்காப் பாருங்கோ. அந்த ஒயில் மெல்லிசு, கந்தக மணம் வராது.

ரூர்_ஆர்80

மிக்க நன்றி. பவுடர் போட்டுப் பார்த்தேன். கோடு பூட்டின் முன் உதட்டில், கிளாம்புக்குக் கீழேதான் தொடங்குது. ஸ்பீடோ போல்ட் பக்கம் காய்ஞ்சிருக்கு, துளை திறந்திருக்கு. நியூட்ரல் சுவிட்சிலும் தனியாக ஒரு சின்ன ஈரம் இருக்கு. எஞ்சின் சேருகிற இடம் சுத்தம், சொக்கும் சுத்தம்.

வடிச்ச அளவு: கியர்பொக்ஸ் 715, சுவிங் ஆர்ம் 230, ஃபைனல் ட்ரைவ் 340. காந்தத்தில் பேஸ்ட் மட்டும்தான். தண்ணி கலந்த நிறம் இல்லை.

அப்ப அவுட்புட் சீல் என்று முடிவெடுக்கலாமோ?

மெட்ராஸ்_ஏர்ஹெட்

அவசரப்படாதீர்கள். எண்கள் அவுட்புட் சீலைத்தான் காட்டுகின்றன, ஆனால் நிரூபிக்கவில்லை. கராஜில் எவ்வளவு ஊற்றினார்கள் என்று தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸ்விங் ஆர்மில் 230 ஊற்றி, கியர்பாக்ஸை லெவலுக்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருந்தாலும் இதே எண்கள்தான் வரும். ஸ்விங் ஆர்மில் லெவல் பார்க்க முடியாது என்பதால் அளக்காமல் ஊற்றுகிறவர்கள் அங்கேதான் கூடுதலாக ஊற்றிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் சரியான அளவு ஊற்றுவதே வைத்தியம், செலவு இல்லை.

ஆகவே இப்போது புது ஆயில் ஊற்றும்போது அளந்து ஊற்றுங்கள். ஸ்விங் ஆர்முக்கு சிரிஞ்சில் 150 மி.லி., ஒரு துளி கூடக் கூடாது. ஃபைனல் ட்ரைவுக்கு 350. கியர்பாக்ஸுக்கு 800 ஊற்றி, இடப்பக்க ஃபில்லர் துளையின் கீழ் மரை வரை நிற்கிறதா என்று சென்டர் ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள். பிளக் வாஷர்கள் எல்லாம் புதியவை. அலுமினிய மரை என்பதால் முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம்.

ஊற்றும்போதே கியர்பாக்ஸ் ஆயிலில் மட்டும் யூவி சாயம் கலந்துவிடுங்கள். கனிம எண்ணெய்க்கும் சிந்தெடிக்குக்கும் ஏற்ற சாயம் என்று பாட்டிலில் போட்டிருக்க வேண்டும், ஏசி காஸுக்கு விடுகிற சாயம் வேண்டாம். பாட்டிலில் சொன்ன விகிதத்துக்கு மேல் ஊற்றினாலும் பயன் கிடையாது. 300 கி.மீ. ஓட்டிவிட்டு ஸ்விங் ஆர்மை மட்டும் வடியுங்கள். இருட்டில் யூவி டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் ஷாஃப்ட் குழாய்க்குள் வந்திருக்கிறது, அவுட்புட் சீல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒளிரவில்லை, அளவும் 150க்குப் பக்கத்தில் என்றால் சீல் நல்லது, பழைய கசிவு அதிகம் ஊற்றியதால் வந்தது.

சாயம் இல்லாத கியர் ஆயிலும் யூவி வெளிச்சத்தில் லேசாக நீலம் தட்டும். அதனால் பாட்டிலில் மிச்சம் இருக்கும் புது ஆயிலை ஒரு மூடியில் ஊற்றிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல் ஏமாந்து நல்ல சீலைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

வடித்துவிட்ட இந்தச் சமயத்திலேயே நியூட்ரல் சுவிட்சையும் முடித்துவிடுங்கள், கியர்பாக்ஸ் காலியாக இருக்கும்போதுதான் அதைக் கழற்ற முடியும். வாஷர் வழியாகக் கசிகிறதா, சுவிட்சின் நடு முனை வழியாகவா என்று பாருங்கள். நடு முனை என்றால் வாஷர் மாற்றிப் புண்ணியமில்லை, சுவிட்சையே மாற்ற வேண்டும். ஒயர்களைக் கழற்றும்போது முனையை ஆட்டினால் அதுவே புதுக் கசிவுக்குக் காரணமாகும்.

ரூர்_ஆர்80

நீங்கள் சொன்னபடி செய்தேன். நியூட்ரல் சுவிட்ச் மாற்றியாச்சு, அது இப்ப காய்ஞ்சிருக்கு. சாயம் கியர்பொக்ஸில் மட்டும் விட்டது. 300 கி.மீ.க்குப் பிறகு சுவிங் ஆர்மில் 165 மி.லி. வந்தது. யூவி வெளிச்சத்தில் தெளிவான பச்சை, பக்கத்தில் வைச்ச புது ஒயிலில் அந்த நிறம் இல்லை. பூட்டின் வெளியில் ஈரம் முன்னையை விட நல்லாக் குறைஞ்சிருக்கு.

சீல் மாற்றுகிற வேலையில் எதைக் கவனிக்க வேணும்? உடனே செய்ய வேணுமோ, சீசன் முடிய விடலாமோ?

ஷாஃப்ட்_கோவை

அப்ப அவுட்புட் சீல் உறுதி. பினியன் சீலைத் தொடாதீங்க, ஃபைனல் ட்ரைவ் அளவு சரியா இருந்துச்சு. அந்தப் பக்கம் திறக்கறதுக்கு ரிங் நட்டைச் சூடாக்கணும், தனி டூல் வேணும். கெடாத இடத்துல எதுக்கு அந்த வேலை?

அவசரம் இல்லைங்க. 300 கி.மீ.க்கு 15 மி.லி. போகுதுன்னா 1,500 கி.மீ.க்கு ஒருக்கா ஸ்விங் ஆர்மை வடிச்சு 150 ஆக்கி, கியர்பாக்ஸுக்கு அதே அளவு சேர்த்துட்டா சீசனை முடிச்சுடலாம். கசிவு ஒரே வேகத்துல இருக்காது, அதனால ஒவ்வொரு தடவையும் அளவை எழுதி வைங்க. 300 கி.மீ.க்கு 40, 50ன்னு ஏறினா நிறுத்திடுங்க. பின் டயர்லயோ பிரேக் டிரம்லயோ ஆயில் தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்தணும். டிரம் லைனிங் ஆயில் குடிச்சுட்டா எதைப் போட்டுக் கழுவினாலும் சரி வராது, மாத்தித்தான் ஆகணும்.

வேலைன்னு வரும்போது: பூட் கிளாம்பைத் தளர்த்தி பூட்டைப் பின்னால தள்ளினா ஷாஃப்டையும் கியர்பாக்ஸ் ஃப்ளேஞ்சையும் சேர்க்கற நாலு போல்ட் தெரியும். 12 முனைத் தலை, 10 மி.மீ. ரிங் ஸ்பேனர் வேணும், குட்டையா இருந்தாத்தான் உள்ள போகும். கியர்ல போட்டு பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் வேணும். இந்த நாலு போல்ட்டையும் திரும்பப் போடாதீங்க, புதுசுதான். மரையும் போல்ட்டும் எண்ணெய்ப் பசை இல்லாம காய்ஞ்சு இருக்கணும், இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் நேரா நுழையாது, ரிங் அடாப்டர் போட வேண்டி வரும். அடாப்டரை ரெஞ்சுக்கு 90 டிகிரியில வச்சு இறுக்கினா ரெஞ்ச் காட்டற அளவு அப்படியே சரி. நேர்கோட்டுல நீட்டி வச்சா கை நீளம் கூடி, காட்டறதை விட அதிகமா இறுகிடும். இந்த போல்ட் தளர்ந்தா ஓடற வண்டியில ஷாஃப்ட் கழண்டு ஹவுசிங்கை உடைச்சுடும், அதனால இந்த ஒரு இடத்துல உத்தேசமே கூடாது.

அப்புறம் பின் வீல், ஷாக், ஸ்விங் ஆர்ம் பிவட் பின் கழட்டி ஆர்மைப் பின்னால இழுத்து இடம் பண்ணணும். ஃப்ளேஞ்ச் டேப்பர்ல (கூம்பு முனையில) உக்காந்திருக்கும். பிடிக்கறதுக்கு டூல், எடுக்கறதுக்கு புல்லர் ரெண்டும் இல்லாம சுத்தியலால தட்டக் கூடாது, பேரிங் அடி வாங்கும். இந்தக் கட்டத்தை மட்டும் ஏர்ஹெட் (காத்துல குளிர்ற பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டி) தெரிஞ்ச ஆள்கிட்ட விடறது நல்லது.

புது சீல் போடறதுக்கு முன்னாடி ஃப்ளேஞ்சுல சீல் உதடு உரசற வளையத்தை நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தா புது சீலும் கசியும். ஒரு மி.மீ. ஆழம் மாத்தி அழுத்தினா உதடு புது இடத்துல உக்காரும், இல்லைன்னா மெல்லிசு ஸ்லீவ் ஏத்தணும். சீலோட ஸ்ப்ரிங் இருக்கற பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்து இருக்கணும், உதட்டுல லேசா ஆயில் தடவுங்க. டேப்பரை மட்டும் துளி எண்ணெய் இல்லாம துடைச்சுட்டு மாட்டணும்.

திரும்ப ஆர்மை மாட்டும்போது ரெண்டு பக்கமும் இடைவெளி சமமா இருக்கான்னு அளந்து பிவட் பின்னை வைங்க.

ஸ்காபரோ_பொக்ஸர்

பூட்டைக் கழற்றினதும் உள்ளுக்குக் கை விட்டு மடிப்புகளை விரிச்சு வெடிப்பு இருக்கோ என்று பாருங்கோ, வெளியால தெரியாது. 1986 பூட் என்றால் இந்த வேலையோடேயே புதுசு போடுங்கோ. உதடு உட்காருகிற இரண்டு பக்க உலோகமும் காய்ஞ்சு சுத்தமாக இருக்க வேணும், கிறீஸ் பூச வேண்டாம், வழுக்கிக் கழன்று விடும். கிளாம்பை அதிகம் இறுக்கினால் உதடு சுருண்டு ஒரு பக்கம் வாய் திறக்கும். உதடு முழு வட்டத்திலும் படிஞ்சிருக்கோ என்று கண்ணாடி பிடிச்சுப் பார்த்துக்கொண்டு இறுக்குங்கோ. 100 கி.மீ. ஓடினதும் ஒருக்காத் திரும்ப இறுக்கம் பாருங்கோ.

மெட்ராஸ்_ஏர்ஹெட்

டியூஃப் பற்றி: வெறும் ஈரம் என்றால் குறிப்பு எழுதி விடுவது வழக்கம், சொட்டினால் குறைதான். பரிசோதனைக்கு முந்தைய வாரம் ஸ்விங் ஆர்மை வடித்து 150க்குக் கொண்டுவந்துவிட்டு, பூட்டைத் துடைத்து, ஒரு இரவு மட்டையை விரித்துப் பாருங்கள். மட்டை காய்ந்திருந்தால் தைரியமாகப் போகலாம். வடித்த ஆயிலை ஆயில் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், விற்ற அளவுக்கு அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கு பில் கேட்பார்கள்.